சேப்பாக்கத்தில் ஒரு டிக்கெட்

மூன்று வருஷத்துக்கு முன் இதே பக்கத்தில் ஹிர்வானியின் 16 விக்கெட்டைப் பற்றி எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நானும் என் அத்தானும் சேப்பாக்கம் மைதானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசி விக்கெட்டைப் பார்த்ததாக அதில் எழுதினேன். காராமணிச் சுண்டலைக்கூட விடவில்லை, அதையும் எழுதினேன். அந்தக் கட்டுரையில் ஒரு திருத்தம் இருக்கிறது. அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பந்து என்றால் கால்பந்து. கடற்கரைப் பக்கம் சொல்தாக்கள் இரும்புக் குண்டு உருட்டிப் பெத்தாங் ஆடுவதை வேடிக்கை பார்ப்போம். கிரிக்கெட் எல்லையைத் தாண்டி இருக்கும் இங்கிலீஷ்காரர் ஆட்டம். ஐந்து நாள் ஆடிவிட்டு யாரும் ஜெயிக்கவில்லை என்று கை குலுக்கிப் போவதை எங்கள் வாத்தியார் ஒருவர் கேலி செய்யாத நாளில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

அக்காவைத் திருவல்லிக்கேணியில் கொடுத்த பிறகுதான் எல்லாம் மாறியது. அத்தான் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சேப்பாக்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒண்டுக்குடித்தனம். பொங்கல் டெஸ்ட் அவருக்குத் தீபாவளியை விடப் பெரிய பண்டிகை. 1975 ஜனவரியில் ஆண்டி ராபர்ட்ஸை எதிர்த்து விஸ்வநாத் 97 நாட் அவுட் எடுத்ததை நேரில் பார்த்தவர். "செஞ்சுரி அடிச்சிருந்தா மறந்துபோயிருப்பேன் மச்சான், அந்த மூணு ரன் இல்லாததாலதான் இன்னும் ஞாபகத்துல இருக்கு" என்பார். எலுமிச்சம்பழத்தை விரலுக்குள் வைத்துக்கொண்டு லெக் பிரேக் எப்படி, கூக்ளி எப்படி என்று மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார். அக்கா அந்தப் பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் ரசத்தில் பிழிந்துவிடுவாள்.

1988 பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கரும்பு, வெல்லம், பச்சரிசி, அக்காவுக்குப் புடவை, அத்தானுக்கு வேட்டி. திண்டிவனம் வழியாக பஸ்ஸில் நான்கு மணி நேரம். எம்.ஜி.ஆர். இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சென்னைச் சுவர்களில் எங்கு பார்த்தாலும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். ஊரே துவண்டுபோய் இருந்தது என்றாலும் திருவல்லிக்கேணி டீக்கடைகளில் மட்டும் பேச்சு வேறு மாதிரி இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு 19 வயதுப் பையன், முதல் டெஸ்ட் ஆடுகிறவன், ரிச்சர்ட்ஸின் வெஸ்ட் இண்டீஸைச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தான்.

அத்தானிடம் ஒரே ஒரு சீசன் டிக்கெட். கூட வேலை செய்கிறவர் மூலமாகக் கிடைத்தது. சின்னப் புத்தகம் போல இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, வாசலில் பாதியைக் கிழித்துக்கொள்வார்கள். வருஷம் முழுவதும் சேர்த்து வைத்த லீவைப் போட்டுவிட்டு அவர் முதல் நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்தார். கபில்தேவ் 109 அடித்த முதல் இன்னிங்ஸைப் பார்த்திருந்தார். ரிச்சர்ட்ஸ் 68 ரன்னில் பௌல்டு ஆனதைப் பார்த்திருந்தார். அந்த இன்னிங்ஸில் ஹிர்வானி 61 ரன் கொடுத்து 8 விக்கெட். இந்தியா 382, அவர்கள் 184. இரண்டாவது இன்னிங்ஸில் நம் ஊர் ராமன், அவருக்கும் அதுதான் முதல் டெஸ்ட், 83 ரன். ராமனைப் பற்றிச் சொல்லும்போது அத்தான் தன் சொந்தப் பிள்ளை பாஸ் பண்ணியது போலச் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு நீ போயிட்டு வா மச்சான்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். அவருடைய கணக்கு இது: எதிராளிக்கு நானூறுக்கு மேல் இலக்கு, ஆட இரண்டு நாள் பாக்கி. ஒரே நாளில் ஆட்டம் முடியாது, கடைசி நாள்தான் சுவாரஸ்யம், அதைத் தான் பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் மறுநாளுக்கு மறுநாள் ஆபீஸ். ஒரு நாள் காஷுவல் லீவுதான் போட்டிருந்தேன். அக்கா சாதம் போட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கே விட்டுக்கொடேன் என்று அந்தப் பார்வை சொன்னது. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சேப்பாக்கத்துக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

மைதானத்தில் நான் என்ன பார்த்தேன் என்று யாராவது உண்மையாகக் கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை. உட்கார்ந்த இடம் ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில். அங்கிருந்து பந்து முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று தெரியும். உள்ளே திரும்பியதா வெளியே திரும்பியதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பந்து விழும்போதும் புழுதி கிளம்பியது. மட்டையைச் சுற்றி நம் ஆட்கள் குடை பிடித்த மாதிரி நின்றார்கள். பேட்ஸ்மேன் இறங்கி வருவான், மட்டையை வீசுவான், கிரண் மோரே குச்சியைத் தட்டுவார், ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு தடிமனான ஆளின் முதுகுதான் பாதி நேரம் தெரிந்தது. அந்தக் கட்டம் போட்ட சட்டையை இன்றும் அடையாளம் காட்டுவேன்.

மூன்று ஸ்டம்பிங் பார்த்ததாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஸ்கோர் பார்த்தால் அந்த இன்னிங்ஸில் மட்டும் மோரே ஐந்து ஸ்டம்பிங்! உலக சாதனை. இரண்டை நான் தவறவிட்டிருக்கிறேன், கண் முன்னாலேயே. வெங்சர்க்கார்தான் கேப்டன் என்றும் அடித்துப் பேசியிருக்கிறேன். கல்கத்தா டெஸ்டில் அவருக்குக் கையில் அடிபட்டு, இந்த ஆட்டத்துக்கு ரவி சாஸ்திரி கேப்டன். அவர் கேப்டனாக இருந்த ஒரே டெஸ்ட் அது. நேரில் பார்த்தவன் லட்சணம் இது.

லோகி மட்டும் 67 ரன் அடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஹிர்வானி 15.2 ஓவரில் 75 ரன் கொடுத்து மறுபடியும் 8 விக்கெட். மொத்தம் 136 ரன்னுக்கு 16. எண்ணிக்கை எல்லாம் எனக்குப் பிரெஞ்சில்தான் வரும், பள்ளிக்கூடப் பழக்கம். பக்கத்திலிருந்தவர் "பதினாறு! பதினாறு!" என்று என் தோளைக் குலுக்கியபோது நான் "சேஸ், சேஸ்" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். லார்ட்ஸில் 1972இல் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி முதல் டெஸ்டில் 137 ரன்னுக்கு 16 எடுத்த கதையை, ஒரு ரன் வித்தியாசத்தில் அந்தச் சாதனை உடைந்ததை, காதில் டிரான்சிஸ்டர் வைத்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். வெஸ்ட் இண்டீஸ் 160க்கு ஆல் அவுட். 255 ரன் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. டெல்லியில் 75 ரன்னுக்குச் சுருண்டு தோற்ற தொடர், ஒன்றுக்கு ஒன்று என்று சமமானது.

ஒரு நாள் மீதமிருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது. ஜனங்கள் கூத்தாடிக்கொண்டு வெளியே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டைப் பையில் இருந்த டிக்கெட் புத்தகத்தில் ஒரு சீட்டு கிழிக்கப்படாமல் இருந்தது. அத்தானின் நாள்.

வாலாஜா சாலையில் மெதுவாக நடந்தேன். வீட்டு வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "வா வா, சொல்லு" என்று உட்கார வைத்தார். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். எது கூக்ளி, எது லெக் பிரேக், யார் ஏமாந்து இறங்கி வந்தார், யார் இறங்காமல் ஏமாந்தார், எல்லாம் வானொலி வர்ணனையில் கேட்டது. பார்த்துவிட்டு வந்தவன் நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று நான்கு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று. முதல் நாள் ராத்திரி ஆண்கள் எல்லாம் மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். கிரிக்கெட் பேச்சு வந்தது. பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "ஹிர்வானி மேட்ச் அன்னிக்கு நான் மெட்ராஸ்லதான் இருந்தேன், ஆனா போகல" என்றார். அத்தான் எழுந்து உட்கார்ந்தார். "நானும் மச்சானும் போயிருந்தோம்" என்றார். சொல்லிவிட்டு இருட்டில் என் பக்கம் திரும்பினார்.

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. அவர் சொல்வார், நான் தலையாட்டுவேன். சுண்டல் அவர் சேர்த்தது. கட்டம் போட்ட சட்டைக்காரரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாளில் அவர் முதுகில் தானே தட்டி உட்காரச் சொன்னதாக ஆக்கிவிட்டார். என் பிள்ளைகள் என்னிடம் கேட்க மாட்டார்கள், "பெரிய மாமா சொல்லுங்க" என்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, சில சமயம் எரிச்சலாக வந்ததுண்டு. போனவன் நான் ஒருவன்தானே. ஒரு தடவை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அந்தச் சாப்பாட்டுத் தட்டும் நான் குனிந்துகொண்டதும் ஞாபகம் வரும். பேசாமல் இருந்துவிடுவேன்.

போன கார்த்திகையில் அத்தான் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேரன் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து கடைபரப்பினான். பென்ஷன் காகிதங்கள், பழைய ரேஷன் கார்டு, அதன் உறைக்குள் அந்த டிக்கெட் புத்தகம். பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்றான். புரட்டிப் பார்த்தவன், "சின்னத் தாத்தா, இது ஒண்ணு மட்டும் ஏன் கிழிக்காம இருக்கு?" என்றான்.

"ஆட்டம் ஒரு நாள் முன்னாடியே முடிஞ்சிடுச்சுடா."

"சரி, ஆனா இது ஒரு ஆளுக்குத்தானே. நீங்க ரெண்டு பேரும் எப்படி உள்ள போனீங்க?"

கம்ப்யூட்டர் படிக்கிற பையன். அரசாங்க ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்த எனக்கு இப்படி ஒரு ஆட்சேபணை வரும் என்று தோன்றவே இல்லை. "எனக்கு வேற டிக்கெட்" என்றேன். அவன் நம்பிவிட்டான். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அன்னிக்கு நான் அத்தானுக்கு விட்டுக்கொடுத்திருக்கணும்" என்றேன். 37 வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள்.

"கோபம் எனக்குத்தான்டா. அவருக்கு இல்ல. அன்னிக்கு ரேடியோவைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல. நான் காபி எடுத்துட்டுப் போனேன். விக்கெட் விழுந்தா முதல்ல ரேடியோல சத்தம் வரும். உடனே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரல் விட்டு எண்ணுவார். மூணு எண்ணினதும் சேப்பாக்கம் பக்கத்துல இருந்து அதே சத்தம் நிஜமாவே காத்துல வரும். 'இதோ பாரு, மச்சான் கத்துறான்'னு சொல்லுவார். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் சொன்னார்."

டிக்கெட் புத்தகம் இப்போது பேரனிடம் இருக்கிறது. லாமினேஷன் செய்யாதே, மை உருகிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கிழிக்காத அந்தச் சீட்டை மேலே தெரிகிற மாதிரி வைத்து பிரேம் போடப் போகிறானாம்.