ட்ரிங் நகரத்துப் பதிவேடு

பூர்வீகம் ஆராயப் புகுவோர் பெரும்பாலும் பெயர் ஒன்றையே கைவிளக்காகக் கொண்டு புறப்படுகின்றனர். பெயர் ஒத்திருந்தால் ஆளும் அவரே எனத் துணிவது மனித இயல்பு. அத்துணிவு எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் முன்னோரைத் தேடிய வரலாறு தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் முடிச்சு அவிழ்ந்த இடங்களுள் ஒன்று, இங்கிலாந்திலுள்ள ட்ரிங் என்னும் சிறு நகரம்.

இலண்டன் யூஸ்டன் நிலையத்திற் புகையிரதம் ஏறி வடமேற்கே சென்றால், ஒரு மணித்தியாலத்துக்குள் ட்ரிங் நிலையத்தை அடைகிறோம். நிலையம் ஊருக்குப் புறத்தே இருக்கிறது. இரண்டு மைல் வரையில் நடந்தே ஊருக்குட் புகவேண்டும். நகரின் நடுவே, பெரிய தெருவின் ஓரமாக, சிக்கிமுக்கிக் கல்லாற் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. பேதுரு, பவுல் என்னும் இரு அப்போஸ்தலரின் பெயர் தாங்கியது அது. நாம் நாடி வந்த செய்தி, அத்தேவாலயத்துக் கோவிற்பற்றுப் பதிவேட்டிலே உள்ளது.

இப்பதிவேடுகள் தோன்றிய வகையையும் இங்கே அறிதல் நன்று. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராயிருந்த தோமஸ் குரொம்வெல், 1538-ஆம் ஆண்டிலே, ஒவ்வொரு கோவிற்பற்றிலும் நடைபெறும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டிலே எழுதிவைக்குமாறு கட்டளையிட்டார். பிரபுவின் மகனும் கூலியாளின் மகனும் ஒரே ஏட்டில், ஒரே மையில் இடம்பெற்றனர். எனினும், 1640-களில் மூண்ட உள்நாட்டுப் போரினாற் பல ஊர்களின் ஏடுகள் இடையறுந்து போயின. நாம் தேடும் குடும்பம் வாழ்ந்ததும் அக்காலத்திலேதான்.

ஜோர்ஜ் வாஷிங்டனின் பூட்டன் ஜோன் வாஷிங்டன், 1657-ஆம் ஆண்டளவில் வேர்ஜீனியாவிற் குடியேறியவர். அவருக்கு லோரன்ஸ் என்றொரு தம்பியும் உண்டு. இலண்டனிலே குலமரபுச் சின்னங்களை ஆராயும் தலைமை அதிகாரியாயிருந்த சேர் ஐசக் ஹேர்ட், இவர்களின் ஊர் யாதென வினவிச் சனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். 1792-இல் விடையெழுதிய வாஷிங்டன், இவ்விடயத்திலே தாம் மிகக் குறைந்த கவனமே செலுத்தியதாகவும், முன்னோர் இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து வந்தவர்கள் எனக் கேள்வியுற்றதாகவும் தெரிவித்தார்.

ஹேர்ட் தேடலைக் கைவிடவில்லை. நோதாம்டன்ஷயரில் உள்ள சல்கிறேவ் என்னும் ஊரின் வாஷிங்டன் குடும்பத்திலே ஜோன், லோரன்ஸ் என்னும் இரு சகோதரரைக் கண்டார். பெயரும் பொருந்தின, குடும்பமும் உயர்ந்தது. அவர்களே கடல் கடந்தவர்கள் என முடிவுசெய்தார். அம்முடிவை உலகம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம்பியது.

அதனை மறுத்தவர், இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோசப் செஸ்டர். சல்கிறேவ் ஜோன் அரசரிடம் சேர் பட்டம் பெற்றவர். வேர்ஜீனியா ஜோனுக்கோ அத்தகைய பட்டம் இருந்ததில்லை. சல்கிறேவ் லோரன்ஸ் ஒரு குருவானவர். வேர்ஜீனியா லோரன்ஸ் வணிகர். பெயர்கள் ஒன்றாயினும் ஆட்கள் வேறு என்பது தெளிவாயிற்று. ஆயின், உண்மையான ஜோன் யார்?

1889-ஆம் ஆண்டிலே ஹென்றி வாட்டர்ஸ் என்னும் மற்றோர் அமெரிக்கர் விடையை வெளியிட்டார். அதற்குரிய சான்றுகளுள் ஒன்றே ட்ரிங் பதிவேடு. அதிலே 1635 ஜூன் 23-ஆந் தேதி லோரன்ஸ் என்னும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த குறிப்பு உண்டு. தந்தையின் பெயரும் லோரன்ஸ் வாஷிங்டனே. இருவருக்கும் ஒரே பெயராயிருந்தும், எழுதியவர் ஒரே வரியில் அப்பெயரை இருவிதமாக எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறார்! தொடர்ந்து எலிசபெத், வில்லியம் என்னும் பிள்ளைகளும் வருகின்றனர்.

இத்தந்தை வேறு யாருமல்லர்; ஹேர்ட் கண்ட அதே குருவானவர்தாம். கடல் கடந்தவர் என அவர் நினைத்த மனிதர், உண்மையிற் கடல் கடந்தவர்களின் தந்தை. தவறு ஒரே ஒரு தலைமுறை அளவிலேதான் நேர்ந்தது!

குருவானவரின் வாழ்வு துயரமானது. எசெக்ஸ் பகுதியிலே பேர்லி என்னும் வளமான கோவிற்பற்றை அவர் நடத்திவந்தார். 1643-இற் பாராளுமன்றக் கட்சியினர், மதுச்சாலைகளில் திரிபவர் எனக் குற்றஞ்சாட்டி அவரை விலக்கினர். வறுமையில் வாழ்ந்து, 1653 ஜனவரியில் மோல்டன் நகரிலே அடக்கம் பண்ணப்பட்டார். மனைவி அம்பிலிஸ், தம் உறவினர் வாழ்ந்த ட்ரிங் நகரிலே இரண்டு ஆண்டுகளின் பின் மறைந்தார். அவரது அடக்கத்தை ஏடு 1654 ஜனவரி என்று கூறும்; நம் கணக்கில் அது 1655. அக்காலத்து இங்கிலாந்தில் மார்ச் 25-ஆந் தேதியே ஆண்டு பிறந்தது. இதனை அறியாதவர் தாய் இறந்த ஆண்டையே தவறாகக் கணிப்பர்.

வியப்பு யாதெனில், ஜோனின் ஞானஸ்நானக் குறிப்பு ட்ரிங் ஏட்டில் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் மூத்தவர் மட்டும் நழுவிவிட்டார். அவரைப் பிடித்துத் தந்தது, தாய் விட்டுச்சென்ற உடைமைகளை நிருவகிக்கும் உரிமை 1656 பெப்ரவரியில் மகன் ஜோனுக்கு வழங்கப்பட்டதைக் கூறும் ஆவணம். தம்பி லோரன்சின் மகள் மேரி, அயலூரான லூட்டனில் ஞானஸ்நானம் பெற்றாள். வேர்ஜீனியாவில் எழுதிய மரணசாதனத்திலே, இங்கிலாந்திலுள்ள தம் சொத்தை அவர் அம்மகளுக்கே வைத்தார். இவ்வாறு கடலின் இரு கரைகளும் ஒன்றோடொன்று பொருந்தின.

தனிப்பெயர் எவரையும் நிச்சயமாகக் காட்டுவதில்லை; தாய், சகோதரர், மகள் என்னும் உறவுகள் சேர்ந்தே ஒரு மனிதனை அடையாளம் காட்டுகின்றன. பட்டம் பெற்ற பெருமக்களிடையே ஹேர்ட் தேடிய ஜோனை, குடும்பம் நொடித்தபின் ட்ரிங் மண்ணில் அடங்கிய ஒரு விதவைத் தாயே உலகிற்கு அறிமுகஞ் செய்துவைத்தாள்.