பாலோடு வரும் புழு

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விட்டேன். 1903-ல் தொடங்கிய கல்லூரி. சென்னைக்காரர்களுக்கு அது ‘வேப்பேரி ஆஸ்பத்திரி’. வரிசையில் குட்டிகள்தான் அதிகம். துண்டில் சுற்றிய குட்டி, கட்டைப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டும் குட்டி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டிய கூடைக்குள் கத்தும் பூனை.

நாய், பூனைகளின் குடற்புழு பற்றி எழுத வந்திருந்தேன். யாரிடம் விசாரிப்பது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. “பூச்சி மருந்து கொடுத்தாச்சா?” என்ற கேள்வி காதில் விழுந்துகொண்டே இருந்தது. பெரும்பாலானவர்கள் “கொடுத்தாச்சு” என்றார்கள். எப்போது, என்ன மருந்து, எத்தனை கிலோ எடைக்கு என்று டாக்டர் அடுத்துக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.

சூளையிலிருந்து வந்திருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், செம்பழுப்பு நிறக் குட்டியை மேசைமேல் இறக்கினார். ஐந்து வாரம் இருக்கும். தெருவில் பிறந்த குட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து வளர்க்கிறார்.

“நல்லாத்தான் சாப்புடுது டாக்டர். வயித்தப் பாருங்க, எப்படி இருக்குன்னு. ஆனா படுத்தே கெடக்குது.”

டாக்டர் இளம்பெண். வயிற்றைத் தொடுவதற்கு முன் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பிறகு என்னையும் பக்கத்தில் அழைத்தார். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இந்தக் குட்டிக்குச் சுண்ணாம்பு கலந்த வெளுப்பு. கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி எடுத்தார். அழுத்தின இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நிற வித்தியாசமே தெரியவில்லை.

“முதுகைத் தடவிப் பாருங்க, சார்.”

தடவினேன். உப்பிய வயிற்றுக்கு மேலே விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ரோமம் சொரசொரப்பாக, பளபளப்பு செத்துக் கிடந்தது. சுற்றிக்கொண்டு வந்த துண்டில் தாரைப் போல் கறுப்பாக ஒட்டியிருந்தது மலம். குடலில் கசிந்த ரத்தம் செரித்து வெளியே வரும்போது அந்த நிறம் வரும். ஓட்டுநர் அதைச் சேறு என்று நினைத்திருந்தார்.

இது கொக்கிப்புழுவின் வேலை. ஒரு விரல்நுனியில் பல புழுக்களை வைக்கலாம், அவ்வளவு சிறியது. குடல் சுவரைப் பற்களால் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். பிறகு இடம் மாறிக் கவ்வும். பழைய காயம் உடனே ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும். நாய்க் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.1 மில்லி வரை ரத்தத்தைப் போக்கடிக்கும். எழுத்தில் பார்த்தால் அற்பமான அளவுதான். குட்டியைத் தராசில் வைத்தபோது ஒன்றரைக் கிலோ காட்டியது. அதன் உடம்பில் மொத்தமே 120, 130 மில்லி ரத்தம்தான் இருக்கும். வயிற்றில் நூறு புழு இருந்தால் தினமும் 10 மில்லி. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அந்த ஈறை மறுபடி பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

“தாய் நாய் எங்கண்ணா இருக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

“தெருவுலதான். நாலு போட்டுச்சு. ரெண்டு போயிடுச்சு டாக்டர்.”

“அதுக்கும் மருந்து தர்றேன். அதுக்குக் கொடுக்காம இதுக்கு மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லண்ணா.”

ஓட்டுநருக்கு விளங்கவில்லை. எனக்கும் அங்கேதான் விஷயம் பிடிபடத் தொடங்கியது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைகளில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். தாய் குட்டி போட்டதும் விழித்துப் பால்மடிக்கு நகர்ந்து, பாலோடு குட்டியின் வயிற்றுக்குப் போய்விடும். நாயின் உருண்டைப்புழு இன்னும் ஒரு படி மேலே: கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலேயே தாயின் உடம்பிலிருந்து கருவிலுள்ள குட்டிக்குள் புகுந்துவிடும். குட்டி கண் திறக்கும் முன்பே அதற்குள் புழு இருக்கிறது. உறங்கும் புழுக்களைச் சாதாரணப் பூச்சி மருந்து தொடுவதில்லை. குடலில் இருப்பதைத்தான் கொல்லும். தாய்க்குத் தரும் மருந்தும், அது மலத்தோடு முட்டையைப் பரப்பாமல் இருக்கத்தான். வெல்லம் தின்றதால் பூச்சி வந்தது, பிஸ்கட் போட்டதால் வந்தது என்று நம் வீடுகளில் சொல்வதெல்லாம் வீண்பழி.

ஓட்டுநரின் வீட்டில் யாரோ சொல்லி, பூண்டை நசுக்கிச் சோற்றில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். டாக்டரின் முகம் மாறியது. பூண்டு நாய்க்கும் பூனைக்கும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஏற்கெனவே ரத்தம் வற்றிய குட்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கோபப்படாமல் ஓட்டுநரிடம் அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போன மாணவரின் பின்னால் நானும் ஆய்வகத்துக்குப் போனேன். முறை எளிமையானது. கரையும் மட்டும் உப்பைக் கரைத்த நீரில் மலத்தைக் கலக்கி, வடிகட்டி, சோதனைக்குழாயின் விளிம்பு தளும்பும்படி ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை மூடி வைக்கிறார்கள். உப்புநீரைவிட முட்டைகள் லேசானவை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கக்கூஸ் நாற்றமும் ஃபினாயில் வாடையும் கலந்த அந்த அறையில் நின்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முதலில் வெறும் குப்பை. மாணவர் திருகைச் சற்றுத் திருப்பியதும் கண்ணாடி போன்ற மெல்லிய ஓட்டுக்குள் சில செல்கள் நெருங்கிக் கிடக்கும் நீள்வட்டங்கள் தெளிந்தன. ஒன்று, இரண்டு, பார்வை போகும் இடமெல்லாம். “கொக்கிப்புழு” என்றார். தட்டைக் கொஞ்சம் நகர்த்தியதும் கறுத்த, உருண்டையான, தடித்த ஓட்டில் நுண்குழிகள் விழுந்த இன்னொன்று வந்தது. அது உருண்டைப்புழு. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு லட்சம் முட்டை வரை இடக்கூடியது.

“முட்டை தெரியலேன்னா புழு இல்லைன்னு அர்த்தமா?” என்று கேட்டேன். மாணவர் தலையாட்டி மறுத்தார். பாலில் வந்த கொக்கிப்புழு வளர்ந்து முட்டையிட இரண்டு, மூன்று வாரம் ஆகும். ரத்தம் குடிப்பதற்கு அது அதுவரை காத்திருக்காது. பரிசோதனையில் முட்டையே தென்படாத வயதில் குட்டி செத்துப்போவது இப்படித்தான். அதனால்தான் முடிவுக்குக் காத்திருக்காமல் நாய்க்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே முதல் மருந்தைக் கொடுக்கச் சொல்கிறார்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரை, அதன்பின் மாதம் ஒருமுறை ஆறு மாதம் வரை. பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கினால் போதும். பூனையின் உருண்டைப்புழு கருவில் புகுவதில்லை, பால் வழியாகத்தான் வரும். தடுப்பூசித் தேதியை மறக்காமல் குறித்துவைக்கும் குடும்பங்கள்கூட இந்தத் தேதிகளைக் கோட்டை விடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது ஒரு பாட்டி, கூடையிலிருந்த பூனையின் வாலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “அரிசி அரிசியா விழுது, டாக்டரம்மா.” நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக விழுந்தது லேசாக நெளியவும் செய்தது. இது தாயிடமிருந்து வருவதில்லை. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது விழுங்கும் தெள்ளுப்பூச்சியிலிருந்து வருவது. புழுவுக்கு மாத்திரை கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால் சில வாரத்தில் மறுபடியும் அரிசி விழும். “நாய்க்குப் போடுற தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போட்றாதீங்க பாட்டி” என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே ஆபத்து.

ஓட்டுநரின் குட்டிக்கு ரத்தம் ஏற்றும் கட்டம் வரவில்லை. புழு மருந்து, இரும்புச்சத்து டானிக், இரண்டு நாளில் மறுபடி காட்டச் சொல்லி அனுப்பினார்கள். “தாய் நாயையும் பாத்துடுங்க சார்” என்று ஓட்டுநர் கூப்பிட்டார். அவர் ஆட்டோவிலேயே சூளைக்குப் போனேன்.

குறுகலான சந்து. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் முன் மணல் குவித்திருந்தார்கள். நிழலும் ஈரமும் உள்ள ஓரத்தில் பள்ளம் பறித்துத் தாய் நாய் படுத்திருந்தது. மடியில் எஞ்சிய ஒரு குட்டி. மணலில் அங்கங்கே பழைய மலமும் புதிய மலமும். மறுபுறம் வெறுங்காலோடு இரண்டு பிள்ளைகள் டம்ளரால் மணலை அள்ளி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வகத்தில் பார்த்த கொக்கிப்புழு முட்டைகள் இப்படி ஓர் இடத்தில் விழுந்தால் ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரத்துக்குள் தோலைத் துளைக்கும் இளம்புழு ஆகிவிடும். தோலைத் துளைக்கும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, மனிதக் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீர்த்துளி அவர் கையில் சிந்தி, அந்த இடம் சிவந்து அரித்தது. பிற்பாடு அவர் மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன. அதே லூஸ் 1911-ல் இலங்கையில் கிடைத்த புனுகுப்பூனையிலிருந்து ஒரு கொக்கிப்புழுவை விவரித்து அதற்குச் ‘சிலானிக்கம்’ என்று பெயர் வைத்தார். நாய், பூனையின் மற்றக் கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலுக்குள் வழிதவறிச் செந்நிறக் கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்க வைத்து மடிந்துவிடும். இந்தச் சிலானிக்கமோ மனிதக் குடலிலேயே வளர்ந்து குடித்தனம் நடத்தும். உருண்டைப்புழுவின் முட்டை விரலோடு வாய்க்குப் போனால் ஆபத்து வேறு விதம்: இளம்புழு கல்லீரல், நுரையீரல் என்று அலையும், கண்ணுக்குப் போனால் பிள்ளையின் பார்வையே போகலாம். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாது. ஆனால் விழுந்த புதிதில் அது தொற்றாது. தொற்றும் பக்குவம் வர இரண்டு வாரமாவது வேண்டும். ஆகவே தினமும் மலத்தை அள்ளிவிடுவது, எந்த மாத்திரைக்கும் குறையாத மருந்து.

ஓட்டுநர் மாத்திரையைக் கோழி ஈரலுக்குள் வைத்து நீட்டினார். தாய் நாய் முகர்ந்துவிட்டு விழுங்கியது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “எங்க பசங்களுக்கு ஸ்கூல்ல மாத்திரை குடுத்துட்டாங்க சார், பயமில்லையே?” தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைச் சொல்கிறார். அது நல்லது, கொடுங்கள் என்றேன். ஆனால் மாத்திரை போட்ட மறுநாளே பிள்ளை இந்த மணலுக்குத்தான் திரும்பி வரும். செருப்பு வேண்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் மட்டுமல்லாமல் குடற்புழு நீக்கமும் செய்து, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அதில் புழுவையும் சேர்த்தது எனக்கு நிறைவைத் தந்தது. இருந்தாலும் அறுவைச் சிகிச்சையன்று தரும் ஒரே மாத்திரை, இந்த மணலில் படுக்கும் நாய்க்கு எத்தனை நாள் தாங்கும்? வளர்ந்த நாய்க்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். சந்தில் சோறு வைப்பவர்கள் கையில் மாநகராட்சி மாத்திரையைக் கொடுத்தால் போதும். ஈரலில் வைத்துத் தர ஆள் இருக்கிறார்கள். அன்று கண்ணால் பார்த்தேன்.

மேஸ்திரியிடம் பேசினோம். நாய் மலத்தை மேல்மணலோடு வாரிக் குழியில் போட்டு மூடச் சொன்னார், ராத்திரி மணலைத் தார்ப்பாயால் மூடவும் ஒப்புக்கொண்டார். தாய் நாய்க்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்றார் ஓட்டுநர். எதிர்வீட்டுப் பெண் தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சிமெண்ட் தரை இருப்பதைக் காட்டினார். வெயில் படும், கழுவிவிடலாம். இரண்டு வாரம் கழித்துத் தர வேண்டிய மாத்திரையின் தேதியை ஓட்டுநர் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் தன் செல்போனில் குறித்துக்கொண்டார்.