பாம்பன் பாலத்தில்

1978ஆம் ஆண்டு யான் இக்கலாசாலை மாணவன். அந்நாளில் இராமேசுவரத்திற்குச் சாலைப் பாலமில்லை, புகைவண்டியே கதி. மண்டபத்தில் ஒரு நங்கை பாட்டியுடன் ஏறி என்னெதிரே அமர்ந்தாள். அவளழகை இவ்வயதில் வருணித்தல் முறையன்று. கடற்காற்று கலைத்த கூந்தலை ஒதுக்கியவண்ணமிருந்தாள் என்றமட்டில் நிறுத்துகிறேன்.

வண்டி பாலத்தின்மேல் ஊர்ந்தது. யான் ஜன்னற் கம்பியை இறுகப் பற்றியிருந்ததைக் கண்டு, "பயமாயிருக்கிறதா?" என நகைத்தாள். தைரியத்தையும் அறிவையும் ஒருங்கே காட்டக் கருதி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி சென்ற வண்டி பிரயாணிகளோடு கடலில் அழிந்த கதையை, நேரில் கண்டவன்போல் விஸ்தரித்தேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

"அதிலேதான் எங்கள் அப்பா போனார்" என்றாள்.

பாம்பனில் இறங்கியவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அப்பார்வையிற் சினமில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு நாவெழவில்லை, பெயரையும் கேட்டிலேன்.

2025இல் திறந்த புதிய பாலத்தைக் கடக்கையில், புயற்கதை சொல்லும்படி பேரன் வற்புறுத்தினான். யான் சொல்லவில்லை.