ஓடம் தெரிந்தெடுத்த கதை

"ஆழமறியாமற் காலை விடாதே" என்பது வகுப்பறையில் யான் பல்லாண்டாகச் சொல்லிவரும் பழமொழி. அதன் பொருளை எனக்கு உணர்த்தியவர் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர்.

மாத்தளையிற் பிறந்து சுது கங்கையில் நீராடி வளர்ந்த எனக்கு ஆறென்றால் அச்சமில்லை. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த அம்மாணவர், களனி கங்கை பாறைகளிடையே நுரைத்துப் பாயும் கித்துல்கலவுக்கு என்னை அழைத்துச் சென்றார். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட இடம் அது.

கரையில் இருவர் அமரும் ஓடங்கள் இரண்டு கிடந்தன. ஒன்று நீண்டு ஒடுங்கியது, நேரான அடியுடையது. மற்றது குட்டையானது, உயர்ந்த விளிம்புடையது, இரு முனைகளும் வாழைப்பழம்போல் மேலே வளைந்திருந்தன, உள்ளே காற்றடைத்த பைகள் கட்டப்பட்டிருந்தன.

"எதை எடுப்போம், ஐயா?" என்றார் மாணவர். அழகில் மயங்கி நீண்டதைச் சுட்டினேன். வழிகாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாணவர் கண்ணாலேயே அவரை அமர்த்திவிட்டு, "உங்கள் விருப்பம், ஐயா" என்றார்.

முதல் வளைவுவரை ஓடம் அம்புபோற் சென்றது. பின்னர் நுரைக்குள்ளே ஒரு பாறை தெரிந்தது. எவ்வளவு வலித்தும் ஓடம் திரும்பவில்லை. குறுக்காகச் சென்று மோதிற்று. அஞ்சிய யான் பாறைக்கு எதிர்ப்புறம் சாய்ந்தேன். நீர் விளிம்பேறிப் புகுந்து ஓடத்தைக் கவிழ்த்தது. மிதவைச் சட்டை என்னைத் தாங்கிற்று, மாணவரையோ காணவில்லை. அவர் தாயாருக்கு என்ன விடை சொல்வேன் என்ற எண்ணமே நெஞ்சை நிறைத்தது. சற்று நேரத்தில், வழிகாட்டி எறிந்த கயிற்றைப் பற்றியபடி பாறைக்கப்பால் அவர் தலை தெரிந்தது.

கரையேறிய பின் அவர் விளக்கினார்: "நீண்ட ஓடம் குளத்துக்கு ஏற்றது, ஐயா, நேரே விரையும். இங்கே விரைவை ஆறே தரும்; நமக்கு வேண்டியது திரும்பும் வல்லமை. முனை வளைந்தது எளிதிலே திரும்பும். பையுள்ள இடத்தில் நீர் நிறையாது. பாறையில் மோதினால் பாறைப் பக்கமே சாயவேண்டும். பழகாத ஆற்றுக்கு நம் பிழையைப் பொறுக்கும் ஓடமே நல்லது."

"இவையெல்லாம் முன்னரே அறிவீரோ?"

"அறிவேன், ஐயா."

"பின் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் சுட்டிய பிறகு..." என்று தலைகுனிந்தார்.

ஆற்றினும் அவ்விடையே என்னை நடுங்கச் செய்தது. வாய் திறவாமையே பணிவென்று கற்பித்தவன் யானன்றோ!

பிற்பகலிற் குட்டை ஓடத்தில் மீண்டும் இறங்கினோம். தெரிந்தெடுத்தவர் மாணவர், ஏவியபடி துடுப்பு வலித்தவன் யான். நனைந்தோம், கவிழவில்லை.

அன்றுதொட்டுப் பாடம் முடிந்ததும், "யான் சொன்னதிற் பிழை யாதேனும் உண்டோ?" என்று வகுப்பை வினவுகிறேன். முதலில் எவரும் எழவில்லை. இப்பொழுது ஓரிரு கைகள் உயர்கின்றன.