சேதுமுனையில் நீராடுவோர் கவனத்திற்கு

இராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் அரிச்சல்முனையின் மணல்வெளி மட்டுமே. இடப்புறம் 'பெண்கடல்' எனப்படும் பாக் நீரிணை. வலப்புறம் 'ஆண்கடல்' எனப்படும் மன்னார் வளைகுடா. இரண்டும் கூடும் இம்முனை, சேது நீராடலுக்குரிய புனிதத் தலமாகப் போற்றப்படுகிறது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடி நகரை அழித்தபோதும், வழியிலுள்ள கோதண்டராமர் ஆலயம் நிலைத்து நின்றது.

கரையில் நின்று நோக்குவோர்க்குக் கடல் அமைதியாகவே தோன்றும். ஆயினும் இரு நீரோட்டங்கள் மோதுவதால் அடிமணல் ஓயாது இடம்பெயரும். முழங்காலளவு நீரிலும் காலடி மணல் அரிக்கப்படும். அடுத்த அடியிலேயே ஆழம் காத்திருக்கும். பெண்கடல் என்றும் சாது என எண்ணுவதும் தவறு. தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் சீறும்; வடகிழக்குப் பருவத்தில் பெண்கடல் கொந்தளிக்கும்.

எனவே, நீந்த வல்லவரும் இம்முனையில் இறங்கலாகாது. மூத்தோர் கரையிலேயே சங்கல்பம் செய்து, உடன்வந்தோர் செம்பில் முகந்து தரும் நீரைச் சிரசில் தெளித்துக்கொள்ளலாம். முழுக்கினை, இராமநாதசுவாமி ஆலயத்தின் கிழக்கே, பெரும்பாலும் அலையடங்கி விளங்கும் அக்கினி தீர்த்தத்தில், துணையின் கைபற்றி நிறைவேற்றலாம். சேது கண்ட இராமபிரான் நோக்குவது பக்தியின் ஆழத்தையே. நீரின் ஆழத்தை அன்று.