பாம்பனா, தங்கச்சிமடமா?

பிள்ளைகள் தத்தம் குடும்பங்களோடு வெளியூர்களில் அமர்ந்துவிட்டபின், எஞ்சிய நாட்களை எங்கே கழிப்பது என்ற கேள்வி நம் வீடுகள் பலவற்றில் எழுகிறது. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம். இல்லையேல் இன்ஷா அல்லாஹ் ஒருநாள் எழும். சென்னை மண்ணடியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கடை நடத்திய எனக்கும் என் மனைவிக்கும் அண்மையில் அது எழுந்தது. கடையை மருமகனிடம் ஒப்படைத்தாயிற்று. எங்கள் ஊர் வழக்கப்படி என் பெற்றோர் வீடு தங்கைக்குப் போயிற்று. மனைவிக்கு வந்த வீட்டையோ மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இராமநாதபுரம் சீமையில் பிறந்த எங்களுக்கு, அங்கே சொந்தமென்று ஒரு கூரை இல்லாமற் போயிற்று.

மண்ணடியின் இரைச்சலில் இத்தனை ஆண்டுகள் கிடந்தவனுக்கு அமைதி ஒன்றே பெரிதாகத் தோன்றியது. இராமேசுவரம் தீவில் இரண்டு ஊர்கள் மனத்தில் நின்றன. ஒன்று பாம்பன், மற்றொன்று, அங்கிருந்து இராமேசுவரம் போகும் வழியில் உள்ள தங்கச்சிமடம். இரண்டிலும் பாங்கோசை கேட்கும். இரண்டிலும் மீன் மலிவு. இரண்டிலும் நமக்கு அறிமுகமான குடும்பங்கள் உண்டு. பின் எதை வைத்துத் தெரிவு செய்வது?

முதலில் பாம்பனைச் சொல்கிறேன். தரகர் காட்டிய வீடு கால்வாய்க்கு அருகே இருந்தது. மாடி ஜன்னலைத் திறந்தால், 1914-இல் ஓட்டம் தொடங்கிய பழைய இரயில் பாலமும், 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலமும் கண்முன் நின்றன. வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. சுபுஹு தொழுதுவிட்டு வந்து அந்த ஜன்னலருகே அரைமணி நேரம் அமர்ந்திருந்தேன். படகுகள் வரிசையாகக் கால்வாயைக் கடந்து சென்றன. எழுந்திருக்க மனமில்லை. "வீடு இதுதான்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிற்று.

ஆனால் பாம்பனில் காற்று ஒரு குடியிருப்பாளரைப் போல வாழ்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழுந்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசும்போது இது தலைகீழாகும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியை நீங்கள் எத்தனை முறை வானொலியில் கேட்டிருப்பீர்கள்! காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாலத்தில் இரயிலுக்குச் சிவப்பு விளக்கு தானாகவே விழும் என்று முன்பு இருந்த ஏற்பாடே அவ்விடத்தின் இயல்பை உணர்த்தப் போதுமானது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயிலையும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கொண்டுபோயிற்று. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். பாலத்தின் பெரும்பகுதியும் அன்று அழிந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதை மீட்டெடுத்தார்கள். அந்த இரவைச் சொல்லும் முதியவர்கள் இன்றும் தீவில் இருக்கிறார்கள். கேட்டால் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

தங்கச்சிமடத்தில் கண்ணைப் பறிக்கும் காட்சி ஏதும் இல்லை. நெடுஞ்சாலையில் யாத்திரீகர்களின் வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சற்றே அப்பால் பேக்கரும்பில், 2015-இல் நல்லடக்கம் செய்யப்பட்ட டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம் 2017-இல் திறக்கப்பட்டபின் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. அமைதி தேடி வந்தவன் முகம் சுளித்தேன் என்பதை மறைப்பானேன்? ஆனால் சாலையை விட்டு மூன்று தெரு உள்ளே நடந்தால் வேறோர் ஊர். பனையும் தென்னையும் நிழல் விரித்த மணற்பாத்திகளில் மல்லிகைக் குச்சிகளை நட்டு, வேர்விடச் செய்து, நாற்றாக்குகிறார்கள். நீங்கள் தமிழகத்தின் எந்த மூலையில் மல்லிகைத் தோட்டத்தைக் கண்டாலும், அதன் தாய்ச்செடி இந்த மணலில் வேர்விட்டதாக இருக்கக்கூடும். அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். யாத்திரீகர்கள் தங்குவதற்காக உடன்பிறந்த சகோதரியர் இருவர் ஆளுக்கொரு மடம் கட்டியதால் வந்த பெயர்கள் என்று ஊரார் சொல்கிறார்கள்.

என் மனைவி காட்சிகளைப் பார்க்கவில்லை, கிணறுகளைப் பார்த்தாள். இரு வீட்டிலும் ஒரு வாளி நீர் இறைக்கச் சொல்லி, சோப்பிட்டுக் கை கழுவி நுரை வருகிறதா என்று பார்த்தாள். பின்பு ஆளுக்கொரு புட்டியில் நீர் நிரப்பிக்கொண்டு, நாங்கள் தங்கியிருந்த உறவினர் வீட்டில் துவரம்பருப்பு வேகவைத்தாள். பாம்பன் வீட்டு நீரில் பருப்பு முக்கால் மணி நேரமாகியும் கல்லாய்க் கிடந்தது. தங்கச்சிமடத்து நீரில் மலர்ந்து கரைந்தது. (எங்கள் உறவினர் இதைப் பார்த்துச் சிரித்தார். சமையலறையில் நில்லாதவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.)

தீவில் நல்ல நீர் கிடைக்கும் விதம் விந்தையானது. மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிட இலேசானதால், அதன்மேல் ஓர் ஏடுபோல மிதந்து நிற்கிறது. மேலாக அள்ளிக் குடிப்பவனுக்கு அது இனிக்கும். பேராசைப்பட்டு ஆழக் குழாய் இறக்கி மோட்டாரால் இழுப்பவனுக்கு உப்பே மேலேறி வரும்; அவனுக்கு மட்டுமன்று, பக்கத்து வீட்டானுக்கும் வரும். தங்கச்சிமடத்துக் கரையையொட்டி, கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டிக் கிணற்றைப் பார்த்தபோது என் வாய் தானாக சுப்ஹானல்லாஹ் என்றது. ஆகவே நல்ல கிணறு உள்ள வீட்டை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து வீட்டார் எப்படி நீர் எடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு மூதாட்டி.

இத்தனைக்குப் பிறகும் என் மனம் பாம்பன் ஜன்னலைவிட்டு அகலவில்லை. நீரைக் குழாயிலும் வண்டியிலும் வாங்கிக்கொள்ளலாம்; இராமநாதபுரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல, பாலத்தின் வாயிலிலேயே இருக்கும் பாம்பன்தான் சில கிலோமீட்டர் அருகில் என்றெல்லாம் வாதாடினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மச்சான், உங்களுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். இருவரும் ஒரே நாளில் போகப் போவதில்லை. அல்லாஹ்வின் நாட்டம் எப்படியோ. ஆனால் கடைசியில் அந்த வீட்டில் தனியாக இருக்கப் போவது பெரும்பாலும் நான்தான். நான்கு மாதம் பத்து நாள் நான் இத்தா இருக்கும்போது, ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து என் வாசலில் வைக்கப் போவது யார்? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்."

நான் பதில் சொல்லவில்லை. மண்ணடியில் விலை பேசிப் பழகிய நாவுக்கு அன்று வேலையில்லாமற் போயிற்று.

மறுவாரம் தரகர் இல்லாமல், காற்று மிகுந்த ஒரு நாளில், இரண்டு தெருக்களுக்கும் மீண்டும் சென்றோம். பாம்பனில் நாங்கள் பார்த்த தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, உரியவர்கள் வெளிநாட்டில். அந்த அமைதியை நான் முன்பு இரசித்திருந்தேன். அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் நின்றும் ஒரு கதவும் திறக்கவில்லை. பாம்பன் முழுதுமே அப்படி என்று எண்ணிவிடாதீர்கள். வேறு தெருக்களில் கலகலப்புக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே எங்கள் சக்திக்கேற்ற வீடு இல்லை.

தங்கச்சிமடத்துத் தெருவில், நாற்றுக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் என் மனைவியை "வாங்கக்கா" என்று அழைத்து நிழலில் உட்கார வைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மீனவக் கிறிஸ்தவக் குடும்பத்தினர். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடை. மற்ற நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போன இரவுகளில், கரை திரும்பும்வரை அந்த வீடுகளில் யாரும் சரியாகத் தூங்குவதில்லையாம். எல்லையில் கைதாகும் அச்சம் ஒருபுறம், காற்று ஒருபுறம். அந்த இரவுகளில் ஒரு வீட்டு விளக்கெரிந்தால் அடுத்த வீட்டுப் பெண் வந்து துணைக்கு அமர்வது அங்கே பழக்கம். நான் தேடி வந்த அமைதி இதுவன்று. என் மனைவி தேடி வந்தது இதுவே என்று அவள் முகம் சொல்லிற்று.

"நம்மவர் அதிகமில்லாத தெருவா?" என்று உறவினர் சிலர் வருந்தினர். பள்ளிவாசலுக்குப் பன்னிரண்டு நிமிட நடை, நடந்து பார்த்தேன். அண்டை வீட்டாருக்குரிய உரிமையைப் பேசும் நம் மார்க்கம், அவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்டுவிட்டுப் பேசவில்லையே!

முன்பணம் கொடுத்தாயிற்று. பத்திரப் பதிவு ஷவ்வாலில். கிணற்றைத் தூர்வார ஆள் சொல்லியிருக்கிறோம். மோட்டார் வேண்டாம், கயிறும் உருளையும் போதும் என்பது அவள் கட்டளை. மாடியில் ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அதைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டு மல்லிகைப் பாத்தி.