செங்கல்பட்டில் இறங்கு, மாப்ளே

மாமல்லபுரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்தில் இருந்தது ஒரே கேள்வி. அத்தையையும் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் வர எது நல்ல வழி? கறம்பக்குடியில் நீ விசாரித்த அத்தனை பேரும், "மெட்ராசுக்குப் போயிருங்க, அங்கேருந்து நிமிசத்துக்கு ஒரு பஸ்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. சென்னையிலிருந்து பஸ் உண்டுதான். ஆனால் மாமல்லபுரம் சென்னைக்குத் தெற்கே 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் வருவதும் தெற்கிலிருந்து. வடக்கே எழும்பூர் வரை போய்விட்டுத் திரும்பவும் தெற்கே இறங்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. காசுக்கும் கேடு, அத்தையின் முழங்காலுக்கும் கேடு. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்குள் போகாதே. செங்கல்பட்டில் இறங்கு.

நம்மூருக்கு ரயில் இல்லை என்பது பழைய குறை. ஆனால் மூன்று பக்கமும் ரயில் இருக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. கிழக்கே பட்டுக்கோட்டை, வடக்கே தஞ்சாவூர், மேற்கே புதுக்கோட்டை. மூன்றுக்கும் பஸ் உண்டு. எந்தப் பக்கம் போய் ஏறுவது என்பதில்தான் சூட்சுமம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் இப்போது கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தானே மெட்ராஸ் போனது? பெரியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். பிறகு பாதையை அகலமாக்குகிறோம் என்று வருடக்கணக்கில் தண்டவாளமே இல்லாமல் கிடந்தது. 2019-ல் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை திறந்தது. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை ரயில் வந்தது; அது தினசரி இல்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த அன்றைக்கே ராமேஸ்வரம்–தாம்பரம் ரயிலையும் தொடங்கிவைத்தார்கள். அது தினசரி. பட்டுக்கோட்டையில் நிற்கிறது, செங்கல்பட்டிலும் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை மாற வேண்டியதில்லை. ஆனால் செங்கல்பட்டுக்கு அது வந்து சேர்வது பின்னிரவில். நீ மட்டும் தனியாக வந்தால் சரி, ஒரு டீ குடித்துவிட்டு பெஞ்சில் சாய்ந்துகொள்வாய். சின்னப் பிள்ளைகளை அந்நேரத்தில் எழுப்பி, மூட்டை முடிச்சோடு விடியும்வரை பிளாட்பாரத்தில் உட்காரவைத்தால் தங்கச்சி உன்னை மன்னிக்கமாட்டாள். தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதுவும் ராத்திரி வண்டி.

நான் வந்தது புதுக்கோட்டையில் ஏறி, பல்லவனில். உனக்கும் அதையே சொல்வேன். காரைக்குடியில் புறப்பட்டு விடிகிற நேரத்துக்குப் புதுக்கோட்டையில் நிற்கிற பகல் வண்டி. கறம்பக்குடியிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்பி வருவது கஷ்டம். முதல் நாள் ராத்திரியே புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயிலடிக்கு ஆட்டோதான், அதையும் முதல் நாளே பேசிவை. படுக்கை கிடையாது, உட்கார்ந்து போகிற வண்டிதான். ஆனால் பகல் என்பதால் பிள்ளைகளுக்கு ஜன்னல் முழுக்க ஊர்கள். நார்த்தாமலைக் குன்றுகள் முதலில் வரும். திருச்சியைத் தாண்டினால் காவிரி, ஸ்ரீரங்கம் தாண்டினால் கொள்ளிடம். அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம் என்று போய் பாலாற்றுப் பாலத்தில் ரயிலின் சத்தம் மாறும். அப்போதே பையைத் தூக்கிக்கொள். அடுத்து நிற்பது செங்கல்பட்டு. பல்லவர் ஊருக்குப் போக பல்லவன் என்ற பெயரிலேயே ஒரு ரயில் அமைந்தது நம் அதிர்ஷ்டம். எத்தனை பேருக்கு இது தோன்றுகிறதோ தெரியவில்லை. நான் செங்கல்பட்டில் இறங்கும்போது என் பெட்டியில் பாதிப்பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முன்பதிவு விஷயத்தில் கவனம். முன்னெல்லாம் 120 நாளுக்கு முன்பே எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பள்ளி விடுமுறை நாள் என்றால் திறக்கிற காலையிலேயே எடுத்துவிடு. அத்தைக்கு மூத்த குடிமக்கள் சலுகை இருக்கும் என்று கணக்குப் போடாதே. 2020 மார்ச்சில் நிறுத்தியதைத் திரும்பத் தரவில்லை. நேரங்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள், டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் கொளவாய் ஏரியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு. டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு இலவசம், அத்தைக்கும் தங்கச்சிக்கும் டிக்கெட் வேண்டாம். மொபசல் வண்டி என்றால் அவர்களுக்கும் டிக்கெட். இந்தப் பாதையை நான் உனக்குப் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பாதி வழியில் திருக்கழுக்குன்றம் வருகிறது. மலைமேல் வேதகிரீஸ்வரர். இரண்டு கழுகுகள் தினம் வந்து பண்டாரம் கையில் பொங்கல் தின்றுவிட்டுப் போகும் என்று நம் பாட்டிகள் சொன்ன ஊர் அதுதான். இப்போது கழுகு வருவதில்லை. 12 வருடத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் குளமும் அங்கேதான். மலைக்கு 500 படிக்கு மேல், அத்தையால் ஏற முடியாது; அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரர் கோவில் பெரிய கோவில், அங்கே உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வரலாம். சென்னை வழியாக வருகிறவனுக்கு இந்த ஊர் கண்ணில் படாது.

மாமல்லபுரத்துக்குள் நுழையும் முன் பஸ் ஒரு கால்வாயைத் தாண்டும். பிள்ளைகளைப் பார்க்கச் சொல். பக்கிங்காம் கால்வாய். இன்றைக்குப் பார்த்தால் நம்பமாட்டாய், ஒரு காலத்தில் மாமல்லபுரம் வருவதற்கு அதுதான் ராஜபாட்டை. 1806-ல் சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் நீட்டினார்கள். 1877–78 தாது வருடப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களைக் கூலிக்கு வைத்து நடுவில் விட்டுப்போன பகுதிகளை இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் உப்பும் விறகும் நெல்லும் இதில் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். சென்னையில் சாயங்காலம் படகில் ஏறிப் படுத்தால் விடியும்போது மாமல்லபுரம். வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு அப்படித்தான் சிற்பம் பார்க்க வந்தார்கள். அதற்கும் முன்னால், பல்லவர் காலத்தில், வந்தவர்கள் கடல்வழியாகவே வந்து இறங்கினார்கள். கடல்மல்லை என்று ஆழ்வார்கள் பாடிய துறைமுகம் இது. இத்தனை நீர்வழி இருந்த ஊருக்கு இன்றைக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம்: சாலை.

ஆமாம், மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோர ரயில்பாதை என்று ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்து எத்தனையோ காலமாகிறது. தண்டவாளம் வந்தபாடில்லை. 2019 அக்டோபரில் மோடியைச் சந்திக்க வந்த சீன அதிபர் சீ சின்பிங்கும் சென்னையிலிருந்து சாலை வழியாகக் காரில்தான் வந்தார். அவருக்கு எதிரே வண்டி வராமல் நிறுத்திவைத்தார்கள். உனக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. சனி, ஞாயிறு என்றால் ஈ.சி.ஆரில் சென்னை கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து வருவதை நேற்று சாயங்காலம் பார்த்தேன். செங்கல்பட்டுப் பாதையில் அந்தத் தொல்லை குறைவு.

ஆம்னி பஸ்ஸில்தான் வருவேன் என்று உன் மைத்துனன் அடம்பிடிப்பான், தெரியும். வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்குவார்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பெரிய பஸ் நிலையம், வண்டலூருக்குப் பக்கத்தில். தென்மாவட்ட வண்டிகள் இப்போது கோயம்பேடு போவதில்லை என்று ஊரில் பலர் குறைப்படுகிறார்கள். மாமல்லபுரம் போகிறவனுக்கு அது நல்லதாகத்தான் போயிற்று. தாம்பரத்திலிருந்து வரும் 515-ஆம் எண் பஸ்ஸை வண்டலூரில் பிடிக்கலாம்; அது அங்கே திரும்பி, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் வருகிறது. இங்கே ஒன்றைக் காதில் போட்டுக்கொள். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. முதலாவது திருச்சி நெடுஞ்சாலையில் பஸ் நிலையம் இருக்கிற இடம். இரண்டாவது பழைய மாமல்லபுரம் சாலையில், ஐ.டி. கம்பெனிகள் பக்கம். கண்டக்டரிடம் ஒன்றைச் சொல்லி இன்னொன்றுக்கு டிக்கெட் வாங்கினால் அரைநாள் போச்சு. ராத்திரி பஸ்ஸில் வருகிறபோது, "செங்கல்பட்டு பைபாஸிலேயே இறங்கிக்கங்க, பக்கம்தான்" என்று சிலர் சொல்வார்கள். இறங்காதே. இருட்டில், லாரி பறக்கிற ரோட்டோரத்தில் அத்தையை நிறுத்திவைக்கிற இடமில்லை அது.

நம் பக்கத்து சேதுபாவாசத்திரம் வழியாகப் போகிறதே கிழக்குக் கடற்கரைச் சாலை, அதே சாலையைப் பிடித்தபடி அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர், புதுச்சேரி என்று வந்தாலும் கடைசியில் மாமல்லபுரம் வரும். வேன் பிடித்து, நாலு ஊரில் சாமி கும்பிட்டு, தரங்கம்பாடியில் மீன் சாப்பிட்டு, நாள் கணக்கு பார்க்காமல் வருகிற கூட்டத்துக்கு இது அருமையான வழி. அவசரக்காரனுக்கு ஆகாது. புதுச்சேரியிலிருந்து சென்னை போகும் ஈ.சி.ஆர். பஸ்ஸில் வந்தால் ஊருக்கு வெளியே பைபாஸில்தான் இறக்கிவிடுவார்கள். உள்ளே வர ஆட்டோ பிடிக்க வேண்டும்.

இந்த ஊருக்கு வருகிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் சுற்றுலாக்காரர்கள் இல்லை. மாசி மகத்துக்கு வருகிற இருளர்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கங்களிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வேனிலும் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரை மணலில் சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு ராத்தங்குவார்கள். கடலில் இருக்கும் கன்னியம்மனைக் கும்பிட்டு, பௌர்ணமி விடியலில் அங்கேயே நிச்சயதார்த்தம், கல்யாணம், பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம். ஓட்டல் ரூம் தேடுவதில்லை, கைடு தேடுவதில்லை. பாத்திரம், அரிசி, அடுப்பு எல்லாம் கையோடு வரும். பயணம் கட்டுவதை அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நீ வருகிற தேதி அதையொட்டி அமைந்தால் ஒருநாள் முன்னதாகவே வா.

ஊருக்குள் வந்துவிட்டால் வண்டி அதிகம் தேவைப்படாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே தலசயனப் பெருமாள் கோவில், அதன் பின்னால் அர்ச்சுனன் தபசு. கடற்கரைக் கோவில் கிழக்கே கொஞ்ச நடை. ஐந்து ரதம் மட்டும் தெற்கே தள்ளி, அதற்கு அத்தைக்காக ஆட்டோ வை. கடற்கரைக் கோவிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 40 ரூபாய். 15 வயதுக்குக் கீழே கிடையாது. அர்ச்சுனன் தபசு ரோட்டோரத்திலேயே இருக்கிறது, அதற்குக் காசே இல்லை, என்னைக் கேட்டால் இந்த ஊரில் பார்க்க வேண்டியதே அதுதான். பல்லவனில் வந்தால் உச்சி வெயிலில் வந்து சேர்வாய். நேராகச் சாப்பிட்டுப் படு. பாறை சூடு தணிந்து நாலு மணிக்குமேல் வெளியே கிளம்பு. நார்த்தாமலையும் குடுமியான்மலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இங்கே உள்ள குகைகள் புதிதாக இருக்காது. ஆனால் அங்கே கடல் இல்லை. மல்லிப்பட்டினம் கடல் மாதிரி நினைத்துப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிடாதே. இங்கே அலை இழுக்கும்.

திரும்பவும் பல்லவனே. பிற்பகலில் சென்னையில் புறப்பட்டுச் செங்கல்பட்டு வரும்; அதைப் பிடிக்க மாமல்லபுரத்தில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பஸ் ஏறிவிட வேண்டும். புதுக்கோட்டையில் இறங்கும்போது ராத்திரியாகிவிடும். கறம்பக்குடிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று புறப்படும் முன்பே ஸ்டாண்டில் கேட்டு வைத்துக்கொள், இல்லாவிட்டால் திரும்பவும் சொந்தக்காரர் வீடுதான்.

காணும் பொங்கலுக்கு மட்டும் வராதே. அன்றைக்கு இந்த ஊரில் நிற்க இடமிருக்காது. தை முடிந்து மாசியில் வா. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது, அதற்கேற்ப இங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலேயே மாடிப்படி இல்லாத ரூமாகப் பார்த்து வைக்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் மாப்ளே